பல இனத்தார் பணிபுரியும் ஒரு கூரை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் "பல நாடுகளிலும் தொழிலிடங்களிலும் பல்வேறு இன மக்கள்" என்பதாகும். இதைப்பற்றிப் பேசப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த என்னை அழைத்தது செயலாளர் அவர்களின் அன்பேயன்றி என் தகுதியன்று. ஆயினும் பயணச்சீட்டுச் சாளரத்துக்கு இப்பால் அமர்ந்து, அப்பால் நிற்கும் மக்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். எந்த மொழியில் கேட்கிறார், எந்த ஊருக்குக் கேட்கிறார், போகச் சீட்டு வாங்குகிறாரா, திரும்பிவரவும் சேர்த்து வாங்குகிறாரா என்பவற்றைக் கொண்டே மனிதரை அறியும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அந்த அளவில் என் கருத்தைக் கூறுகிறேன்.

இத்தகைய விழாக்களில் பேச எழுபவர்கள் கணியன் பூங்குன்றனாரின் பாடலைச் சொல்லாமல் அமர்வதில்லை. இன்று நான் அதைச் சொல்லப் போவதில்லை. நம் காலனிக் குழந்தைகளுக்குக்கூட அது மனப்பாடம். மனப்பாடமான ஒன்று நம் நடப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே என் நோக்கம்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

பல இனம் என்றவுடன் நாம் முதலில் எண்ணத் தொடங்குகிறோம். எண்ணுவது தவறன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் 96 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர். தமிழர் 15 பேர். தெலுங்கர் 14 பேர். உருது பேசுவோர் 12 பேர். எஞ்சியோர் இந்தி, மலையாளம், மராத்தி, கொங்கணி முதலிய பல மொழியினர். ஒரு மாநிலத்தின் தலைநகரிலேயே அம்மாநில மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு என்பது கவனிக்கத்தக்கது.

வெளிநாடுகளைப் பார்ப்போம். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் நூற்றுக்கு 74 பேர் சீனர், 13 அல்லது 14 பேர் மலாயர், 9 பேர் இந்தியர். மலேசியாவில் இந்தியர் ஏறத்தாழ 7 பேர். இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி சிங்களவர் 75 பேர். இலங்கைத் தமிழர் 11 பேர். மலையகத் தமிழர் 4 பேர். முஸ்லிம்கள் 9 பேர். இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இலங்கையும் சிங்கப்பூரும் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் பெரும்பான்மையோர் முக்கால் பங்கு; சிறுபான்மையோர் கால் பங்கு. ஆனால் இரண்டு நாடுகளின் வரலாறும் ஒன்றா? இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆகவே எத்தனை இனத்தார் இருக்கின்றனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், வேறு மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும் என்பது என் எளிய கருத்து. ஏணியின் எந்தப் படியில் யார் நிற்கிறார்? எந்த மொழியில் வேலை நடக்கிறது? நெருக்கடி வந்த நாளில் யாருக்கு யார் துணை? இம்மூன்றையும், நான் ஓரளவு அறிந்த இரயில்வேத் தொழிலைச் சான்றாக வைத்தே சொல்லுகிறேன்.

முதற் கேள்வி: ஏணிப்படி

இந்திய இரயில்வேயை ஆராய 1920இல் அமைக்கப்பட்ட ஆக்வொர்த் குழு 1921இல் தன் அறிக்கையை அளித்தது. அப்போது இத்துறையில் பணியாற்றிய ஏழு இலட்சத்துப் பதினாயிரம் பேரில் ஐரோப்பியர் ஏழாயிரம் பேர் மட்டுமே. நூற்றுக்கு ஒருவர்! ஆனால் மிக உயர்ந்த பதவிகளில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்று அக்குழுவே எழுதி வைத்தது. ஒரே கூரையின்கீழ்ப் பல இனத்தார் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. மேலே இருந்தவர் ஓரினம், கீழே இருந்தவர் மற்றோரினம், அவ்வளவுதான். இடைப்படிகளில் ஆங்கிலோ இந்தியர் அமர்த்தப்பட்டனர். விரைவு வண்டிகளின் ஓட்டுநரும் கார்டும் பெரும்பாலும் அவர்களே. நாடு விடுதலை பெற்றபின் நம் அரசியலமைப்பு அவர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்திவிடவில்லை. 336ஆம் பிரிவின்படி இரயில்வே முதலிய துறைகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீடு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டு, பத்தாண்டு கழிந்தபின் முடிவுற்றது. ஒரு பழைய ஏணியை எப்படிக் கலைக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு நல்ல பாடம் என்பேன்.

அமெரிக்க நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மேற்குக் கரையையும் கிழக்கையும் இணைத்த முதல் இருப்புப்பாதை 1869இல் நிறைவுற்றது. அதன் மேற்குப் பகுதியை மலை குடைந்து போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டுகளில், அதாவது 1882இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் செய்தனர். புல்மன் என்னும் நிறுவனத்தின் உறங்கும் வண்டிகளில் படுக்கை விரித்து, பயணிகளின் காலணிக்கு மெருகிட்டவர்கள் கறுப்பினத்தவர். அவர்கள் பெயரைக் கேட்டறியும் வழக்கமும் பயணிகளிடம் இல்லை. முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன் என்பதால் ஊழியர் எல்லாரையும் "ஜார்ஜ்" என்றே அழைத்தனர். அந்த ஊழியர்கள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்பாரின் தலைமையில் தொழிற்சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தனர். 1963இல் வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் திரண்ட உரிமைப் பேரணிக்கு முன்னின்றவரும் அதே ராண்டால்ஃப்தான். ஓர் இரயில் ஊழியர் சங்கத்திலிருந்து எழுந்த குரல் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றத் துணைபுரிந்தது என்பது நம் துறையினர் பெருமைப்படத்தக்க செய்தி.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு நேர்மாறு. 1924இல் ஆட்சிக்கு வந்த அரசு, இருப்புப்பாதை வேலைகளிலிருந்து கறுப்பினத்தவரை நீக்கி, அவ்விடங்களில் ஏழை வெள்ளையரை அமர்த்தியது. அக்கொள்கைக்கு அவர்கள் வைத்த பெயர் "நாகரிகத் தொழிலாளர் கொள்கை"! பெயரில் நாகரிகம் இருந்தது.

மலாயாவிலோ தமிழர்களுக்குள்ளேயே இரண்டு படிகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு சென்றவர்கள் நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் ஆயினர். நம் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள் கொளுத்தும் வெயிலில் தண்டவாளம் பதித்தனர். இருவரும் பேசியது ஒரே மொழி. ஆயினும் வாழ்ந்த வாழ்வு வேறு. பின்னர் 1971இல் மலேசிய அரசு, "இந்த இனத்துக்கு இந்தத் தொழில்" என்னும் நிலையை நீக்குவதாகக் கூறிப் புதிய பொருளாதாரக் கொள்கையைத் தொடங்கியது. அதனால் மலாயர் உயர்ந்தனர். ஆனால் தோட்டங்களில் கிடந்த தமிழர் பலருக்கு அதன் நிழல் எட்டவில்லை. ஏணியைத் திருத்துகிறவர் கீழ்ப்படியில் நிற்கும் எல்லாரையும் பார்க்க வேண்டும். தம்மவரை மட்டும் பார்த்தால் போதாது.

இரண்டாம் கேள்வி: மொழி

அன்பர்களே! ஏணியில் ஏறுவதற்குக் கால் வேண்டும். அலுவலகத்தில் ஏறுவதற்கு மொழி வேண்டும். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றினர். அதுவரை அரசுப் பணிகளில் நல்ல இடம் பெற்றிருந்த தமிழர்கள், சிங்களத் தேர்வு எழுதித் தேறாவிடில் ஊதிய உயர்வும் பதவி உயர்வும் இல்லை என்னும் நிலை வந்தது. ஒரு சட்டத்தால் எத்தனையோ எழுத்தர்கள் தம் மேசையிலேயே அயலாராயினர். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1983 சூலைக் கலவரமும் வந்து, நாடே தீப்பற்றிவிட்டது.

சுவிட்சர்லாந்து என்னும் சிறிய நாட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமாஞ்சு என நான்கு தேசிய மொழிகள். அந்நாட்டு இரயில் வண்டிகளின் பக்கவாட்டில் துறையின் பெயர்ச்சுருக்கம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். ஜெர்மன் பேசுவோரே மிகப் பலர். எனினும் எண்ணிக்கையைக் காட்டி மற்றவர் எழுத்தை அழிக்க அவர்கள் முயலவில்லை. சிங்கப்பூரிலும் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கு அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், ஒரே இனத்தார் ஒரே கட்டடத்தில் குவிந்துவிடாதபடி 1989 முதல் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். விருப்பம்போல் வீடு விற்க முடியவில்லை என்று சிறுபான்மையோர் சிலர் முறையிடுவதும் உண்டு. எந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு.

நம் நாட்டு நிலையங்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கருநாடகத்தில் கன்னடம், இந்தி, ஆங்கிலம். ஜோலார்பேட்டையைத் தொட்டுவிட்டால் தமிழ், இந்தி, ஆங்கிலம். மண்ணின் மொழிக்கு முதலிடம் என்பது அப்பலகை சொல்லும் நீதி. இரயில்வேத் தேர்வுகளும் இன்று தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது உட்படப் பல மொழிகளில் நடத்தப்படுகின்றன. ஆனால் தேர்வு எழுதும் மொழி ஒன்று. தேறியபின் சாளரத்தில் வந்து நிற்கும் முதியவரிடம் பேசும் மொழி மற்றொன்று. தும்கூரிலிருந்தோ மத்தூரிலிருந்தோ வந்த ஒரு விவசாயப் பெருமகனார், தம் சொந்த மாநிலத்துத் தலைநகரில், வண்டி எந்த மேடையில் வரும் என்று கேட்க ஒருவரும் அகப்படாமல் விழிப்பாரானால், அந்தப் பிழையில் கன்னடம் கல்லாத தமிழ் எழுத்தருக்கும் பங்குண்டு. கல்லாத வடநாட்டு எழுத்தருக்கும் பங்குண்டு.

மூன்றாம் கேள்வி: நெருக்கடி நாள்

பெங்களூருக்குத் தமிழர் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு என்னும் படைக்குடியிருப்பை அமைத்தபோது படைவீரராய், கொத்தனாராய், வணிகராய், சமையற்காரராய்ப் பலர் வந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் வரவு பெருகிற்று. அல்சூரும் சிவாஜிநகரும் தமிழ் முழங்கின. கோலார் தங்கச் சுரங்கத்தின் இருளில் நம்மவர் மூன்று தலைமுறை உழைத்தனர். 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டபின் விடியற்காலை வண்டிகளில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினர். தண்டுப் பகுதியும் பழைய நகரமும் 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. நூற்று நாற்பது ஆண்டுகள் ஒரே ஊரில் இரண்டு ஊர்கள் இருந்தன எனலாம்.

பின்னர் வந்த நெருக்கடி நாள்களையும் நீங்கள் அறிவீர்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இங்குக் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, ஆயிரக்கணக்கான தமிழர் மூட்டை முடிச்சுகளோடு தமிழகம் சென்றனர். 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. அந்நாள்களில் நம்மவர் பலரைத் தம் வீட்டுக்குள் வைத்துக் கதவைத் தாழிட்டுக் காத்தவர்கள் கன்னட அண்டைவீட்டாரே என்பதை இங்கிருக்கும் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லெறிந்தவனை நாம் மறக்கவில்லை. காத்தவரை மட்டும் மறப்பது முறையாகுமா?

இனி நான் கூறப்போவது நம்மைப் பற்றியதன்று. எனினும் நம்மைப் பற்றியதே. 2012 ஆகஸ்டில் அஸ்ஸாமில் கோக்ரஜார் பகுதியில் நடந்த வன்முறையைத் தொடர்ந்து, பெங்களூரில் வாழும் வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படுவர் என்று ஒரு புரளி கைப்பேசிக் குறுஞ்செய்திகள் வழியே பரவியது. சுதந்திர தினத்தன்று மாலை, நகர நிலையத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். காவலாளிகள், உணவு விடுதி ஊழியர், அழகு நிலையப் பெண்கள், கல்லூரி மாணவர் எனப் பலரும் இருந்தனர். குவாஹாத்திக்குச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. அமைச்சர்களும் காவல்துறையினரும் மேடைக்கே வந்து, போகவேண்டாம் என்று வேண்டினர். அரசு, ஒரே நேரத்தில் பலருக்குச் செய்தி அனுப்புவதைப் பதினைந்து நாள்களுக்குத் தடை செய்தது.

அன்று சாளரத்தில் ஓர் இளைஞர் என்னிடம் பணத்தை நீட்டினார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். அவர் ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை; இந்தியில் "வீட்டுக்கு" என்றார். நான் சீட்டைக் கொடுத்தேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற ஒரு தமிழ் அன்பர் அலுத்துக்கொண்டு, "போகட்டும் ஐயா, கூட்டமாவது குறையும்" என்றார். அவர் தீயவர் அல்லர். தம் வண்டிக்கு நேரமாகிறதே என்னும் பதைப்பு. ஆனால் 1991இல் இதே நிலையத்தில் நம் தாய்மார் குழந்தைகளோடு வண்டிக்குக் காத்திருந்தபோதும், எவரேனும் ஒருவர் இதே சொல்லைச் சொல்லியிருப்பார் அல்லவா? அந்தச் சொல் நம் காதில் விழுந்திருந்தால் எப்படிச் சுட்டிருக்கும்? வந்தவர்களுள் முன்னே வந்தவர் நாம், பின்னே வந்தவர் அவர். வேறுபாடு அவ்வளவே.

நம் கடமை

இன்று நம் காலனியில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. தண்டவாளப் பராமரிப்பு வேலைக்கு, நாம் "கேங்மேன்" என்று அழைத்த அந்த வேலைக்கு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதே அது. இந்தக் குறையில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு வேலை இல்லாத வீட்டின் துயரம் எனக்குத் தெரியும். ஆனால் இதே குறையைத்தான் கன்னட மக்கள் நம்மை நோக்கி நெடுங்காலமாகக் கூறிவந்தனர். சரோஜினி மகிஷி குழு 1983இல் அமைந்ததும், 1986இல் தன் அறிக்கையை அளித்ததும் அக்குறையைக் கேட்பதற்காகவே. 2008 அக்டோபரில் மும்பையில் இரயில்வேத் தேர்வு எழுத வந்த வடநாட்டு இளைஞர்களை அடித்து விரட்டியவர்களும் இதே காரணத்தைத்தான் கூறினர். குறை நியாயமாக இருக்கலாம். அதற்காகத் தேர்வெழுத வந்த ஏழை மகனை அடிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

2024 சூலையில் கருநாடக அமைச்சரவை, தனியார் தொழிலிடங்களில் உள்ளூரார்க்கு ஒதுக்கீடு தரும் ஒரு சட்ட வரைவுக்கு ஒப்புதல் அளித்து, எதிர்ப்பு எழவே சில நாள்களில் நிறுத்தி வைத்தது. அது நன்றா தீதா என்று வழக்காடுவது இம்மேடையின் வேலையன்று. அதில் "உள்ளூரார்" யார் என்று எழுதியிருந்ததை மட்டும் கவனியுங்கள். கருநாடகத்தில் பிறந்து, பதினைந்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவர் உள்ளூரார். தாய்மொழி யாது, பாட்டனார் எந்த ஊர் என்று அது கேட்கவில்லை. நம் காலனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலிரண்டு தகுதியும் பிறப்பிலேயே வந்துவிட்டன. மூன்றாவது தகுதி நம் கையில் இருக்கிறது. அதைத் தராத பெற்றோர், பிள்ளையின் கதவைத் தாமே அடைக்கின்றனர்.

ஆகவே இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, ஞாயிறுதோறும் இம்மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்போடு, ஒரு கன்னட வகுப்பும் நடக்கட்டும். தமிழ் வீட்டில் வளரும்; கன்னடம் நம்மை வெளியே வாழவைக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்னமாட்டா. இரண்டு, நம் பொங்கல் விழாவுக்கு அண்டைக் கன்னடக் குடும்பங்களையும், யுகாதிக்கு அவர்கள் வீட்டுக்கு நம் குழந்தைகளையும் அனுப்புவோம். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991இலிருந்து மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. ஒரு சிலைக்கு ஒரு சிலை என்று அரசுகள் வழிகண்டன. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்று நாம் வழிகாண்பது அதைவிட எளிது.

மூன்று, காலனியின் கடைசி வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையில் நால்வராய்த் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களைப் பற்றியது. நள்ளிரவு மழையிலும் தண்டவாளத்தைத் தட்டிப்பார்த்து நடப்பவர்கள் அவர்களே. நாம் தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும் வண்டி தடம்புரளாமல் செல்வது அவர்கள் கால்நடையால்தான். அவர்களை "வடக்கத்தியான்" என்று ஒருமையில் அழைப்பதை இன்றோடு நிறுத்துவோம். அவர்களுக்கும் பெயர் உண்டு, கேட்டறிந்து அழைப்போம். மருத்துவமனைச் சீட்டு எழுதவும், வங்கிப் படிவம் நிரப்பவும், நாலு கன்னடச் சொல் கற்கவும் நம்மில் ஓரிருவர் உதவலாம். கன்னட வகுப்பில் நம் பிள்ளைகளோடு அவர்களும் அமரட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களுள் ஒருவரேனும் நம் பந்தியில் நம்மோடு அமர்ந்து உண்ணக் கண்டால், என் உரைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டியதில்லை.

பல இனத்தார் ஒரே கூரையின்கீழ் இருப்பது காலத்தின் போக்கில் நடந்துவிடும். இருப்புப்பாதை மனிதரைக் கொண்டுவந்து இறக்கிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. இறங்கியவரை மனிதராக நடத்துவது நம் வேலை. நாம் இறங்கிய நாளில் எதை எதிர்பார்த்தோமோ அதைப் பிறருக்குக் கொடுப்போம்.

 வாழிய செந்தமிழ்! வாழிய கன்னட நாடு!